கல்சட்டியும் கஞ்சிச்சட்டியும்: சேலம், நாமக்கல் சமவெளியில் பழஞ்சமையலின் வரலாறு

சேலத்திலிருந்து கோவைக்கும் பெங்களூருக்கும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர் ஒரு மாற்றத்தைக் கவனித்திருப்பர். விறகு அடுப்பில் சமைத்தது, அம்மியில் அரைத்தது, செக்கில் ஆட்டியது, சொந்தத் தோட்டத்தில் விளைந்தது என்றெல்லாம் அறிவிக்கும் பலகைகள் உணவகங்களின் முகப்பில் பெருகி வருகின்றன. உள்ளே சென்றால் ஓட்டுக் கூரை, செம்மண் நிறச் சுவர், கல்சட்டியில் கொதி அடங்காத குழம்பு, மண் குவளையில் கம்பங்கூழ். விலை மட்டும் நட்சத்திர விடுதிக்கு நிகரானது. பெருநாள் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நம் குடும்பங்களும் அங்கே செல்கின்றன. நம் பாட்டிமார் காலத்துச் சாப்பாடு இது என்று பெற்றோர் எடுத்துச் சொல்கின்றனர். அந்தப் பாட்டிமார் உண்மையில் என்ன உண்டனர், அவை ஏன் அவர்களுடைய அடுப்படியை விட்டு அகன்றன என்பதை அறிந்துகொண்டு அந்த மேசையில் அமர்வது நல்லது.

கல்சட்டியிலிருந்தே தொடங்கலாம், அது இம்மண்ணுக்கே உரியது. சேலம் வட்டாரத்தில் கிடைக்கும் மாக்கல், பெயருக்கேற்ப மென்மையானது. அதைக் குடைந்து சட்டி ஆக்குவது தலைமுறை தலைமுறையாக வந்த கைத்தொழில். புதுச் சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்றினால் வெடித்துவிடும். விளக்கெண்ணெயும் மஞ்சளும் பூசி ஊறவைத்து, சூடான வடிகஞ்சியைப் பல நாட்கள் ஊற்றி ஊற்றிப் பழக்க வேண்டும். பழகிய பிறகு அதற்கு நிகர் இல்லை. மெதுவாகச் சூடேறும், ஏறிய சூட்டை நெடுநேரம் விடாது, புளி சேர்த்தாலும் சுவை மாறாது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் குழம்பு அதற்குள் கொதித்துக்கொண்டிருக்கும். தாயிடமிருந்து மகளுக்குச் சீராகச் சென்ற சட்டிகள் உண்டு.

இதே சேலந்தான் அந்தச் சட்டியை அடுப்படியிலிருந்து அகற்றிய உலோகத்துக்கும் பெயர் பெற்றது. 1981-இல் சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது. நாம் எவர்சில்வர் என்று அழைக்கும் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. அலுமினியம் முன்பே வந்துவிட்டது. இலேசானது, உடையாதது, விரைவில் சூடேறுவது என்பதால் பெண்கள் அதனை விரும்பி ஏற்றனர். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. குடும்பத்துக்கே சமைக்கும் அளவுள்ள கல்சட்டியை நாள்தோறும் தூக்கி இறக்கிக் கழுவியவருக்கே அதன் எடை தெரியும்.

சட்டிக்குள் என்ன இருந்தது? இச்சமவெளி பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. மேற்கு எல்லையில் காவிரி ஓடினாலும், 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர் முதன்மையாகத் தஞ்சைக் கழனிகளுக்கே சென்றது. இங்கே மாடுகள் கவலை இழுத்துக் கிணற்று நீரை இறைத்தன. கம்பு, சோளம், ராகி ஆகியவையே அன்றாட உணவு. இரவில் களி, அதற்குத் தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலோ கொள்ளுப் பருப்போ இருக்கும். காலையில் மோர் கரைத்த கூழ். கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைந்தன. நெல்லுச்சோறு என்பது விருந்தாளிக்கும் பண்டிகைக்கும் உரியது. உழவர் குடும்பம் எந்த மதத்தைச் சார்ந்ததாயினும் இதுவே நிலை. திருமணிமுத்தாற்றங்கரையின் ஜாமியா மஸ்ஜித் திப்பு சுல்தான் தொழுத இடம் என்று சேலத்தில் சொல்லப்பட்டு வருகிறது. அப்பள்ளியைச் சூழ்ந்து வாழ்ந்த எளிய முஸ்லிம் வீடுகளிலும் நெய்ச்சோறு பெருநாளில் மணந்தது; மற்ற நாட்களில் அண்டை வீட்டில் கொதித்ததே அங்கும் கொதித்தது.

இதைப் பொற்காலம் என்று எண்ணிவிட வேண்டாம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. நாமக்கல்லும் தர்மபுரியும் அன்று சேலம் மாவட்டத்துக்குள்ளேயே இருந்தன. மழை பொய்த்தால் கம்பும் இல்லை, கூழும் இல்லை. ஆகவே பாட்டி காலத்து உணவு என்பதற்குள் பசியும் அடக்கம்.

அந்தப் பசியின் நினைவு உயிரோடு இருந்த காலத்தில்தான் அரிசி அரசியலானது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி தமிழகத்தையே அசைத்தது. அதன் பிறகு நியாயவிலைக் கடைகள் ஊர்தோறும் பரவின. 2006-இல் கிலோ 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய், 2011 முதல் விலையில்லா அரிசி எனப் படிப்படியாக வெள்ளைச் சோறு ஏழையின் தட்டிலும் அன்றாடம் ஆனது. ரேஷன் அரிசி வந்துதான் நம் உடல்நலம் கெட்டது என்று வசதியாய் இருப்போர் இன்று பேசுவதுண்டு. பண்ணை வீட்டில் மட்டும் நெல்லுச்சோறு ஆக்கப்பட்டதைப் பார்த்து வளர்ந்த ஒரு கூலித் தொழிலாளி, தன் பிள்ளைக்கு முதன்முதலில் தினமும் சோறு போட்டபோது அடைந்த நிம்மதியை இப்பேச்சு கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. களி தாழ்வாகவும் சோறு உயர்வாகவும் கருதப்பட்டதற்குச் சுவை காரணமன்று. யார் எதை உண்ண அனுமதிக்கப்பட்டார் என்பதே காரணம். இன்று அந்தப் படிநிலை தலைகீழாகி, கூழ் செல்வந்தரின் மேசைக்கு ஏறியிருக்கிறது. ரேஷன் அரிசி இன்னும் அதே வரிசையில்தான் நிற்கிறது.

கொல்லிமலையின் கதை வேறு வழியில் சென்றது. இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றது. 1943-இல் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவரோடு சேர்ந்து, மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் முறையை இங்கே தொடங்கினார். ஜாவா அரிசி என்பதே ஜவ்வரிசி ஆயிற்று என்பர். நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கும் இந்த மணிகள் சேலத்தின் பெருந்தொழிலாயின. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் உருவானது. ஆலைகள் கிழங்கைக் கேட்டன. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செல்லும் மலைச்சரிவுகளில் சாமைக் காடுகள் மரவள்ளிக் காடுகளாயின. உண்பதற்கு விளைத்த நிலம் விற்பதற்கு விளைத்தது. கையில் காசு புழங்கியது. விதைகள் அழியத் தொடங்கின.

மலை விவசாயிகளோடு சேர்ந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானியங்களை மீட்கும் பணியில் இறங்கியபோது தெளிவான ஓர் உண்மை நம் கவனத்துக்குரியது. சாமை கைவிடப்பட்டதற்கு அதைக் குத்திப் புடைக்கும் உழைப்பும் ஒரு முக்கியக் காரணம். சாமையின் உமி எளிதில் நீங்காது. உலக்கை பிடித்து மணிக்கணக்கில் குத்தியவர்கள் பெண்கள். ஊருக்குள் உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் வந்த பிறகே பல வீடுகளில் சாமைச் சோறு மீண்டும் எளிதாயிற்று. இயந்திரத்தின் துணையோடுதான் பழமை திரும்பியது! அம்மியும் ஆட்டுக்கல்லும் அப்படியே. கோவையில் பிறந்த மின்சார மாவரைக்கும் இயந்திரத்தையும், 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் திட்டத்தையும் நம் தாய்மார் எவ்வளவு மகிழ்ச்சியோடு வரவேற்றனர் என்பது நாம் கண்டதே. ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தவர்கள் எரிவாயு அடுப்பை அல்லாஹ்வின் அருளாகவே கண்டனர்.

உணவகத்தில் நாம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி இந்த உழைப்புக்கான கூலியாக இருக்க வேண்டும். முன்பு வீட்டுப் பெண்கள் கூலியின்றிச் செய்ததை இன்று யாரோ ஒருவர் கூலிக்குச் செய்கிறார். அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1971-இல் ஆலிஸ் வாட்டர்ஸ் தொடங்கிய ஷே பனீஸ் உணவகம், அருகிலுள்ள பண்ணைகளில் விளைந்ததை அன்றன்று சமைப்பது என்ற வழக்கத்துக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. இடைத்தரகரைத் தாண்டி உழவருக்கு நேரடியாக நல்ல விலை போகிறது என்பது அவ்வகை உணவகங்களின் மேலான பக்கம். நம் பகுதியிலும் ஒரு கம்பு விவசாயிக்கோ மாக்கல் தச்சருக்கோ அவ்வாறு வாழ்வு கிடைத்தால் அது பாராட்டுக்குரியதே. கோழிப் பண்ணைகளில் நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை திரளும் நாமக்கல்லில், முற்றத்தில் மேய்ந்த நாட்டுக்கோழிக்குத் தனி விலை கிடைப்பதும் ஒருவகையில் நியாயம். ஆனால் பலகையில் எழுதியதெல்லாம் அடுப்படியில் இருக்கும் என்று நம்பிவிட முடியாது. வாசலில் விறகு அடுப்பும் பின்கட்டில் எரிவாயு உருளையும் வைத்திருப்போரும் உண்டு.

நாம் உணவகத்துக்குள் நுழைந்ததும் ஹலாலா என்று கேட்கத் தயங்குவதில்லை. அருள்மறையோ பூமியில் உள்ளவற்றில் அனுமதிக்கப்பட்டதையும் தூயதையும் உண்ணுமாறு இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. அறுத்த முறையை விசாரிக்கும் நாம், அம்மி அரைக்கும் பெண்ணுக்கு என்ன கூலி என்று விசாரிப்பதில்லை. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் சமுதாயத்துக்கு அதுவும் கேட்கத்தக்க கேள்விதான். நபியவர்களின் வீட்டு உணவைப் பற்றி ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் உள்ளது. அக்காலத்தில் மாவு சலிக்கும் சல்லடையே இல்லை. வாற்கோதுமையை அரைத்து, வாயால் ஊதி உமியைப் பறக்கவிட்டு, எஞ்சியதைப் பிசைந்து ரொட்டி சுட்டார்கள். இன்று எந்த உணவகத்திலும் அந்த ரொட்டி மிக உயர்ந்த விலைக்குப் போகும். விருந்துகளிலேயே மோசமானது செல்வந்தரை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா விருந்து என்ற எச்சரிக்கையும் ஹதீஸ்களில் உண்டு. கூழையும் களியையும் விளைத்து, சமைத்து, காத்தவர்கள் விலையைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பும் உணவகத்தைக் காணும்போது அந்த எச்சரிக்கையே நினைவுக்கு வருகிறது.

நிலத்துக்கும் தட்டுக்கும் இடையே வேறொரு பிணைப்பு முஸ்லிம் உலகில் இருந்தது. உஸ்மானிய சுல்தான் சுலைமானின் துணைவியார் ஹுர்ரம் சுல்தான், 1552-இல் ஜெரூசலத்தில் ஓர் அன்னசாலையை நிறுவினார். ரம்லா, லுத்து ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பல கிராமங்களின் வருவாய் அதற்கு வக்ஃப் செய்யப்பட்டது. அக்கிராமங்களின் விளைச்சலால் பெரிய செப்புக் கொப்பரைகளில் கஞ்சி காய்ச்சப்பட்டு, ரொட்டியோடு நாள்தோறும் நூற்றுக்கணக்கான ஏழைகளுக்கும் பயணிகளுக்கும் வழங்கப்பட்டது. காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் கோதுமைக் கஞ்சி. வெள்ளிக்கிழமை இரவுகளில் இறைச்சிச் சோறும் தேனிட்ட இனிப்புச் சோறும். அரசுகள் பல மாறிய பிறகும் அந்தச் சமையற்கூடம் நம் காலம் வரை உணவு வழங்கி வந்திருக்கிறது.

நம் ஊரில் அதற்கு இணை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ரமளானில் சேலத்திலும் நாமக்கல்லிலும் பள்ளிவாசல்களின் பின்புறத்தில் மூன்று கல் கூட்டி விறகு அடுப்பு எழுகிறது. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும், வசதி இருந்தால் கொத்துக்கறியும் சேர்ந்து பெருஞ்சட்டியில் குழைகின்றன. அடி பிடிக்காமல் நீண்ட துடுப்பால் கிளறிக்கொண்டே இருப்பவர், எந்த உணவகமும் காட்சிக்கு வைக்காத பழஞ்சமையற் கலைஞர். 2001 முதல் தமிழக அரசு இதற்காகப் பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்குகிறது. கூலிக்காரர் வீட்டுக்குச் செல்லும் அதே பொது வழங்கல் அரிசி, ஜமாஅத் முழுமைக்கும் ஒரே சட்டியில் கஞ்சியாகிறது. ஒரு வித்தியாசமும் இங்கே உண்டு: வீட்டில் பெண்கள் மீது விழுந்த புகையும் பாரமும் இங்கே ஆண்கள் மீது விழுகிறது.

அஸர் தொழுகை முடிந்ததும் வரிசை தொடங்கும். தூக்குவாளியோடு வரும் பிள்ளைகளும், பக்கத்துத் தெருவிலிருந்து குடத்தைக் கக்கத்தில் இடுக்கி வரும் மாற்றுமதத் தாய்மாரும், உடல்நலமில்லாத மாமியாருக்குக் கேட்டு வாங்கிச் செல்பவரும் அதில் நிற்பர். என்ன சாதி, என்ன மதம், நோன்பா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. கஞ்சி ஊற்றுபவர் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் எத்தனை பேர்?