குழியிலிருந்த சாட்சி: நெடுந்தூரத் துப்பாக்கிச் சுடுதலில் மின்னணு இலக்கின் வரலாறும் கொங்குக் காற்றும்

துப்பாக்கி சுடும் விளையாட்டைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் துப்பாக்கியையும் சுடுபவரையும் சுற்றியே அமைகின்றன. குண்டு போய்ச் சேரும் இடத்துக்குத் தனி வரலாறு உண்டு என்பது தமிழில் அதிகம் பேசப்படவில்லை. 300 மீட்டரில் ஒரு குண்டு எங்கே துளைத்தது என்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது. 1000 கெஜத்தில் நல்ல தொலைநோக்கி இருந்தும் பயனில்லை. அங்கேயே இருந்து பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும், அல்லது ஒரு கருவி வேண்டும். நெடுந்தூரப் போட்டி என்பதே அந்தச் சாட்சியின் சொல்லை எல்லோரும் ஏற்பதில்தான் நிற்கிறது. மின்னணு இலக்கு மதிப்பெண்ணை விரைவுபடுத்தியது உண்மை. ஆனால் சாட்சியையே மாற்றியதுதான் அது செய்த பெரிய மாற்றம் என்பது இக்கட்டுரையின் வாதம். புதிய சாட்சியின் சொல் எவ்வளவு நம்பத் தகுந்தது என்பது அது நிற்கும் இடத்தின் வெப்பத்தையும் காற்றையும் பொறுத்தது. பாலக்காட்டுக் கணவாயின் வாசலில் இருக்கும் கொங்கு நாட்டுக்கு இதில் தனி அக்கறை உண்டு.

இரும்பும் குழியும்

1860 ஜூலை 2 அன்று லண்டனை ஒட்டிய விம்பிள்டன் திடலில் விக்டோரியா அரசி முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கிவைத்த போட்டிகளில் இலக்குகள் இரும்புத் தகடுகளாக இருந்தன. குண்டு பட்டால் ஓசை கேட்கும். தகட்டில் விழுந்த ஈயத் தடத்தைப் பார்த்து அங்கிருப்பவர் கொடி காட்டுவார். இந்த முறையின் பலவீனம் 1874 செப்டம்பரில் நியூயார்க்கை அடுத்த கிரீட்மூரில் உலகறிய வெளிப்பட்டது. அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 கெஜங்களில் மோதின. 900 கெஜத்தில் அயர்லாந்தின் மில்னர் சுட்ட குண்டு நடுப்புள்ளியில்தான் பட்டது. ஆனால் அது அவருடைய இலக்கு அல்ல, பக்கத்து இலக்கு. அந்த 4 புள்ளிகள் கணக்கில் சேரவில்லை. முடிவில் அமெரிக்கா 934, அயர்லாந்து 931. ஓசை கேட்டது, தடமும் இருந்தது. யாருடைய குண்டு என்பதற்கு மனிதனின் சொல் மட்டுமே ஆதாரம்.

இரும்புக்குப் பிறகு துணியும் தாளும் வந்தன. அவற்றோடு குழியும் வந்தது. மண்மேட்டுக்கு முன்னால் ஆழமான பள்ளம் வெட்டி, அதில் ஆட்கள் நின்று, இலக்குச் சட்டங்களைக் கீழே இறக்கித் துளையைப் பார்த்து, அதன் மேல் வட்டு ஒன்றைச் செருகி மீண்டும் ஏற்றுவார்கள். படைகளில் இவர்களை ‘பட் பார்ட்டி’ என்று அழைப்பது இன்றும் வழக்கம். தலைக்கு மேலே குண்டுகள் பறக்க, வெயிலில் மணிக்கணக்காக நின்று, அடுத்தவரின் மதிப்பெண்ணை நேர்மையாகச் சொல்வது இவர்களின் வேலை. சுடுதல் வரலாற்றில் பதக்கம் வாங்கியவர்களின் பெயர்கள் இருக்கின்றன. குழிக்காரர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. அவர்களை எழுதாமல் அந்த வரலாறு முழுமை பெறாது என்றே நான் கருதுகிறேன்.

இந்த முறை நம் பக்கம் வந்தது படைகளின் வழியாக. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீலகிரித் தோட்டக்காரர்களைக் கொண்டு உருவான நீலகிரி தன்னார்வத் துப்பாக்கிப் படையும், பின்னாளில் வெலிங்டனில் அமைந்த மதராஸ் படைப்பிரிவின் மையமும் கொங்குச் சமவெளிக்கு மேலே மலையில் இருந்தன. அருவங்காட்டில் 1900களின் தொடக்கத்திலேயே கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்துவிட்டது. பழைய .303 துப்பாக்கியின் குண்டை வினாடிக்கு 740 மீட்டருக்கு மேல் தள்ளியது அந்த வகை மருந்துதான். சமவெளியில், வாளையாறு செல்லும் வழியிலுள்ள மதுக்கரையில் ராணுவத்தின் சுடுபயிற்சித் தளம் இருக்கிறது. நெடுந்தூரச் சுடுதல் கொங்கு நாட்டில் சீருடைக்காரர்களின் கையில்தான் வளர்ந்தது.

மாணவர்களுக்கு அறிமுகமானது வேறொரு அளவு. 1948இல் தொடங்கிய தேசிய மாணவர் படையில் .22 துப்பாக்கியால் 25 கெஜத்தில் சுட்டுவிட்டு, சுடுதல் முழுவதும் நின்றபின் நடந்து போய்த் தாளைப் பார்ப்பார்கள். துளைகள் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்ற ‘குரூப்பிங்’ பார்த்த அனுபவம் கோவை, ஈரோடு, சேலம் கல்லூரிகளில் படித்த பல தலைமுறைகளுக்கு உண்டு. அங்கே சாட்சி தேவைப்படவில்லை. தாளே கைக்கு வந்துவிடும்.

ஒலியைக் கேட்கும் இலக்கு

குழியிலிருந்து ஆட்களை வெளியே எடுக்க வேண்டும் என்ற தேவை மிகக் கூர்மையாக எழுந்தது சுவிட்சர்லாந்தில். அங்கே 300 மீட்டர் சுடுதல் ஊர் வழக்கம். படைக் கடமை உள்ளவர்கள் ஆண்டுதோறும் சுட வேண்டும் என்ற கட்டாயமும் இருக்கிறது. ஊருக்கு ஊர் சுடுதளம் என்றால் ஊருக்கு ஊர் குழிக்காரர்களும் வேண்டும். ஆள் கிடைப்பது அரிதாகிவந்த 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சியூஸ், பாலிட்ரானிக் முதலிய சுவிஸ் நிறுவனங்கள் மின்னணு இலக்குகளை உருவாக்கின. நார்வேயில் காங்ஸ்பெர்க், மெகாலிங்க், ஜெர்மனியில் மெய்ட்டன் என்று பிற நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின. 1990களிலிருந்து ஒலிம்பிக் அரங்குகளும் இந்த இலக்குகளுக்கு மாறின.

இதன் அடிப்படை எளிமையானது. ஒலியை விட வேகமாகப் போகும் குண்டு காற்றில் ஓர் அதிர்வலையை இழுத்துக்கொண்டே போகிறது. இலக்கின் மூலைகளில் பொருத்திய ஒலிவாங்கிகளை அந்த அலை ஒரே கணத்தில் தொடுவதில்லை. அருகிலுள்ளதை முதலிலும் தள்ளியுள்ளதைப் பிறகும் தொடுகிறது. நுண்வினாடி அளவிலான அந்த நேர வேறுபாடுகளிலிருந்து குண்டு கடந்த புள்ளியைக் கணக்கிடுகிறார்கள். குண்டு ஒலியை விட மெதுவாகப் போனால் இந்த அலை இருக்காது. 50 மீட்டர் போட்டிக்கான .22 குண்டு பொதுவாக வினாடிக்கு 320 முதல் 330 மீட்டரில் கிளம்புவது. காற்றுத் துப்பாக்கியின் ஈயக்குண்டு ஏறத்தாழ 175 மீட்டர். அவற்றுக்காக முன்னும் பின்னும் மூடிய பெட்டி போன்ற இலக்கு வந்தது. குண்டு முகப்பைக் கிழிக்கும் ஓசையைப் பெட்டிக்குள் இருக்கும் ஒலிவாங்கிகள் கேட்கும். பிறகு 10 மீட்டருக்கு ஒளிக்கதிர்களை மறித்து இடமறியும் இலக்குகளும் வந்தன.

சாட்சி மாறியதும் விதிகளும் மாறின. தாள் காலத்தில் துளைக்குள் அளவுகோல் செருகி, உருப்பெருக்கியால் பார்த்து, கோட்டைத் தொட்டதா இல்லையா என்று நடுவர்கள் முடிவு செய்வார்கள். 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி இலக்கின் 10ஆம் வட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். 10.0க்கும் 10.9க்கும் உள்ள வேறுபாட்டை ஆயிரக்கணக்கான தாள்களில் கையால் பிரிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றபோது தகுதிச் சுற்றில் முழு எண்கள் (596), இறுதிச் சுற்றில் மட்டும் தசமம் (104.5), மொத்தம் 700.5. கடைசிக் குண்டு 10.8. 2013இலிருந்து 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியின் தகுதிச் சுற்றுக்கும் தசம மதிப்பெண் வந்தது. 600க்கு 600 என்ற முழுமை மறைந்தது. கருவி அளக்க முடிந்ததால்தான் விதி அப்படி மாறியது. இதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு: எல்லாக் குண்டும் 10 என்ற நிறைவு ஒரு விளையாட்டு வீரருக்குக் கிடைக்கக்கூடிய அரிய அமைதி.

ஆனாலும் கருவியின் சொல்லைப் பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனம் கண்மூடி ஏற்கவில்லை. இலக்குக்குப் பின்னால் தாள் வைக்க வேண்டும். ஐயம் எழுந்தால் அதிலுள்ள துளைகளை நடுவர்கள் ஒப்பிடுவார்கள். குண்டின் மதிப்பை எதிர்த்து வீரர் முறையிடலாம். முறையீடு தவறென்று ஆனால் 2 புள்ளி போகும். மனிதச் சாட்சியைக் கேள்வி கேட்ட அதே ஒழுங்கு கருவியையும் கேள்வி கேட்கிறது. 2004 ஏதென்ஸில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியின் கடைசிக் குண்டில் அமெரிக்காவின் மாத்யூ எம்மன்ஸ் பக்கத்து இலக்கில் சுட்டார். தங்கத்துக்கு 7.2 போதும், அவர் சுட்டது 8.1. அவருடைய இலக்கு எதையும் கேட்கவில்லை. மதிப்பெண் பூச்சியம், இடம் எட்டாவது. கிரீட்மூருக்கு 130 ஆண்டுகள் கழித்து அதே தவறு. இம்முறை எந்த இலக்கில், எந்தப் புள்ளியில் என்பது தசமம் வரை பதிவாகியிருந்தது.

இந்தியாவுக்கு வந்த வழி

சுவிட்சர்லாந்தில் 300 மீட்டரிலிருந்து தொடங்கிய கருவி இந்தியாவில் பொதுமக்களை எட்டியது 10 மீட்டரின் வழியாக. காரணம் சட்டம். 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் பெருந்துப்பாக்கிக்கு உரிமம் பெறுவது எளிதல்ல. குறைந்த ஆற்றல் கொண்ட 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. 10 மீட்டர் நீளமுள்ள கூடம் இருந்தால் போதும், மண்மேடு தேவையில்லை. 1951இல் மாவலங்கர் தலைமையில் தொடங்கிய தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் கீழ் இன்று பெருகியிருப்பது இந்தக் கூடங்கள்தான். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012இல் வெண்கலம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும் 10 மீட்டரில். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டரில் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் துப்பாக்கிப் போட்டி இன்று அதற்கு மேல் நீள்வதில்லை. 300 மீட்டர் ஒலிம்பிக்கிலிருந்து 1972க்குப் பிறகு விலகிவிட்டது.

கோவையிலும் படம் இதுவே. அவினாசி சாலையிலுள்ள காவலர் பயிற்சிப் பள்ளி மைதானத்தைச் சுற்றி நகரின் துப்பாக்கி விளையாட்டு வளர்ந்தது. 2022இல் மாநிலப் போட்டிக்காக நடிகர் அஜித்குமார் அங்கே வந்தபோது செய்தித்தாள்கள் இந்த விளையாட்டைத் திரும்பிப் பார்த்தன. 300 மீட்டருக்கு அப்பால் சுட விரும்பும் குடிமகனுக்கு நிலம்தான் முதல் தடை. குண்டு இலக்கோடு நிற்பதில்லை. 2021 டிசம்பர் இறுதியில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு பட்டு, பதினொரு வயதுச் சிறுவன் சில நாள்களில் உயிரிழந்தான். மின்னணு இலக்கு குழியிலிருந்து ஆளை வெளியேற்றும். அபாய எல்லையை ஓர் அடி கூடக் குறைக்காது. தளம் அமைக்கக் கேட்பவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கொங்குக் காற்று என்ன செய்யும்

நெடுந்தூர இலக்குகளில் இப்போது பரவலாக விற்பவை மூடிய பெட்டிகள் அல்ல. மூலைகளில் ஒலிவாங்கிகள் மட்டும் கொண்ட திறந்த சட்டகங்கள். விலை குறைவு, தூக்கிச் செல்லலாம், கம்பியில்லாமல் கைப்பேசித் திரைக்குப் படம் வரும். ஆனால் அதிர்வலை பயணிப்பது திறந்த காற்றில்.

முதலில் வெப்பம். ஒலியின் வேகம் 20 பாகை செல்சியஸில் வினாடிக்கு சுமார் 343 மீட்டர். ஒரு பாகைக்கு 0.6 மீட்டர் கூடும். காலையில் 24 பாகையும் பிற்பகலில் 36 பாகையும் இருக்கும் கோவைப் பங்குனியில் வேறுபாடு 7 மீட்டர், அதாவது 2 விழுக்காடு. கருவி வெப்பத்தை அளந்து திருத்தாவிட்டால் நடுவிலிருந்து 300 மில்லிமீட்டர் தள்ளிப் பட்ட குண்டு 6 மில்லிமீட்டர் இடம் மாறித் தெரியும். நடுப்புள்ளியில் பட்ட குண்டுக்கு இதனால் பாதிப்பில்லை. வெப்பமானியே இதற்குப் போதும்.

காற்றுதான் உண்மையான சிக்கல். பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள திறப்பு. ஆனி, ஆடி மாதங்களில் அதன் வழியே பாயும் மேல்காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை வட்டாரங்களில் காற்றாலைகள் நிற்கின்றன. இலக்கின் குறுக்கே வினாடிக்கு 5 மீட்டர் காற்று வீசுவதாகக் கொள்வோம். ஒலிவாங்கி நடுவிலிருந்து 1 மீட்டர் தள்ளியிருந்தால், எளிய கணக்கில் குண்டின் இடம் 1 மீட்டரை 343ஆல் வகுத்து 5ஆல் பெருக்கிய அளவு, அதாவது ஏறத்தாழ 15 மில்லிமீட்டர், காற்றுப் போகும் பக்கம் நகர்ந்து தெரியும். காற்றின் தள்ளலையும் குண்டின் விலகலையும் கருவியால் எளிதில் பிரித்தறிய முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது திசை. அதே காற்று குண்டையும் அதே பக்கம்தான் தள்ளுகிறது, 300 மீட்டரில் பொதுவாக 15 சென்டிமீட்டருக்கும் மேல். ஆகவே கருவியின் பிழை குண்டின் விலகலுக்குள் ஒளிந்துகொள்கிறது. சுடுபவர் திரையைப் பார்த்துக் குறியைச் சற்றுக் கூடுதலாகத் திருத்துவார். திரையில் குண்டுகள் நடுவில் விழும். பின்னாலுள்ள தாளில் துளைகள் காற்று வரும் பக்கம் ஒதுங்கியிருக்கும். 300 மீட்டர் இலக்கின் 10ஆம் வட்டம் 100 மில்லிமீட்டர் விட்டம் உள்ளது. அதில் 15 மில்லிமீட்டர் ஒதுங்கினால் ஓரத்துக் குண்டுகளின் மதிப்பு மாறிவிடும். காற்று சீராக இருந்தால் எல்லோருக்கும் ஒரே அளவு பிழை. தாறுமாறாக மாறினால் ஒருவருக்குச் சாதகம், இன்னொருவருக்குப் பாதகம். ஆடிக்காற்று சீராக வீசுவதில்லை.

குழியிலிருந்தவர் துளையைப் பார்த்துச் சொன்னார். அவருக்குக் காற்றைப் பற்றிய கவலை இல்லை. திறந்த சட்டகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த உறுதியை நாம் விட்டுக்கொடுக்கிறோம் என்பதை அறிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒலிவாங்கிகளை நடுவுக்கு நெருக்கமாக வைத்தால் பிழை குறையும்; ஆனால் குண்டு பட்டு அவை உடையும் வாய்ப்பு கூடும். மூடிய பெட்டி காற்றைத் தடுக்கும்; அதன் ரப்பர் முகப்பை அடிக்கடி மாற்ற வேண்டும். தாளை எடுத்துவிடுவது மட்டும் கூடாது.

இதை அளந்து பார்க்கக் கொங்கு நாட்டில் எல்லாம் இருக்கிறது. காற்றாலைத் தொழிலால் காற்றை அளக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பம்ப், மோட்டார், நூற்பு எந்திரம் செய்து பழகிய பட்டறைகள் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில்வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவையும் சேலமும் இரண்டு. கோவை மாவட்டச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் பாதுகாப்புப் புத்தாக்க மையமும் இங்கே செயல்படுகிறது. ராணுவமோ காவல்துறையோ தன் தளத்தில் ஆடி மாதத்தில் சில நாள்கள் இடம் தந்தால் போதும். திறந்த சட்டகம், அதன் பின்னே எண்ணிட்ட தாள், பக்கத்தில் காற்றுமானியும் வெப்பமானியும். ஒவ்வொரு குண்டுக்கும் திரை காட்டிய இடத்தையும் தாளில் விழுந்த துளையையும் அந்தக் கணத்துக் காற்றையும் ஒரே வரியில் பதிய வேண்டும். இரண்டு இடங்களுக்கும் உள்ள வேறுபாடு காற்றின் வேகத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்பதிலிருந்து, திரையில் வரும் எண்ணைத் திருத்துவதற்கான காரணி கிடைக்கும்.