அரன் ஸ்வெட்டரும் அறுபது கண்ணிகளும்

அயர்லாந்தின் மேற்கே உள்ள அரன் தீவுகளைப் பத்தி ஒரு கதை உண்டு, எங்கேயாவது படிச்சிருப்பீங்க. அங்கே குடும்பத்துக்குக் குடும்பம் ஸ்வெட்டர் பின்னல் வேறயாம். கடலில் போன மீனவரின் உடல் முகம் தெரியாமல் கரை ஒதுங்கினாலும், பின்னலைப் பார்த்தே எந்த வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிடுவாங்களாம்.

இதற்கு ஆதாரம் கிடையாது. இன்று அரன் ஸ்வெட்டர் என்று நாம் சொல்லும் வெள்ளைக் கம்பளி உடையே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானதுதான். பிறகு விற்பனைக்குப் பின்ன ஆரம்பித்தபோது, இந்தக் கதை வியாபாரத்துக்கு நல்லா உதவிச்சு.

கதையின் வேர் பெரும்பாலும் ஒரு நாடகத்தில் இருக்கு. 1898 முதல் சில வருஷம் அந்தத் தீவுகளுக்குப் போய் வந்தவர் ஜே. எம். சிஞ். அவர் எழுதிய 'ரைடர்ஸ் டு தி சீ' 1904-இல் டப்ளினில் மேடையேறியது. அதில், தூரத்தில் கரை ஒதுங்கிய ஒருவனின் காலுறை வீட்டுக்கு வருது. நோரா கண்ணிகளை எண்ணுகிறாள். 60 போட்டு 4 விட்டிருக்கு. உடன்பிறந்தவனுக்குத் தான் பின்னினதேதான்.

குலச் சின்னம் எதுவும் அந்தக் காலுறையில் கிடையாது. விட்டுப்போன நாலு கண்ணி அவளுக்கு ஞாபகம் இருந்தது, ஏன்னா யாருக்குன்னு தெரிஞ்சு பின்னினது அது.