டூ (குறும்படம்)

டூ (பொருள்: இரண்டு) 1964 ஆம் ஆண்டில் சத்யஜித் ராய் இயக்கிய கறுப்பு வெள்ளைக் குறும்படமாகும். ஒரு பணக்காரச் சிறுவனுக்கும் ஒரு குடிசைச் சிறுவனுக்கும் இடையே எழும் போட்டியே இதன் கதை. சுமார் கால் மணி நேரம் ஓடும் இப்படத்தில் வசனம் ஏதும் இல்லை.

உருவாக்கம்

எஸ்ஸோ எண்ணெய் நிறுவனத்தின் ஆதரவில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கெனத் தயாரான எஸ்ஸோ வேர்ல்டு தியேட்டர் தொடருக்காக, இந்தியாவிலிருந்து எடுக்கப்பட்ட மூன்று குறும்படங்களுள் இதுவும் ஒன்று. வங்காளப் பின்னணியில் ஆங்கிலப் படம் எடுத்துத் தருமாறு ராயிடம் கேட்கப்பட்டது. ஊமைப்படங்களின் மீது பெருமதிப்புக் கொண்டிருந்த அவர், பேச்சையே தவிர்த்துவிட்டார். கதையும் இசையும் ராயினுடையவை. ஒளிப்பதிவு சௌமேந்து ராய்; படத்தொகுப்பு துலால் தத்தா.

கதை

கவனிக்க: இப்பகுதியில் கதைமுடிவு விபரங்கள் உள்ளன.

பெரிய வீட்டில் தனித்து விடப்பட்ட சிறுவன் கொக்கக் கோலா அருந்தியவாறு பொம்மைகளுடன் பொழுதைக் கழிக்கிறான். வெளியே குழலோசை கேட்கிறது. சன்னல் வழியே பார்க்க, குடிசையருகே ஒரு சிறுவன் புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருக்கிறான். உடனே இவன் தன் பொம்மை எக்காளத்தை எடுத்து உரக்க ஊதுகிறான். குடிசைச் சிறுவன் சிறு மேளம் ஒன்றைக் கொண்டுவந்தால், இவன் மேளம் தட்டும் பொம்மைக் குரங்கைக் காட்டுகிறான். அவன் முகமூடி அணிந்து ஆடினால், இவனிடம் முகமூடிகளுடன் வாளும் துப்பாக்கியும் உள்ளன. மற்றவன் தோற்றுத் திரும்புகிறான்.

சற்று நேரத்தில் வானில் ஒரு பட்டம் பறக்கிறது. உண்டிவில்லால் அடித்துப் பார்த்தும் பயனில்லாமற்போக, பணக்காரச் சிறுவன் காற்றுத் துப்பாக்கியால் அதனைச் சுட்டு வீழ்த்துகிறான். கிழிந்த பட்டத்துடன் மற்றவன் மேலே நோக்கும் காட்சியே படத்தில் மிகவும் மனத்தைத் தொடுவது. வென்றவன் தன் பொம்மைகள் அனைத்தையும் இயக்கிவிடுகிறான். அவ்விரைச்சலையும் மீறி மீண்டும் குழலோசை கேட்கிறது. பொம்மை இயந்திர மனிதன் நடந்து சென்று, அடுக்கி வைத்த கோபுரத்தைத் தள்ளிவிடுகிறது.

கருப்பொருள்

குடிசைச் சிறுவன் முதலில் போட்டிக்கு வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவன் தனக்காகவே குழல் ஊதுகிறான். அதனைப் போட்டியாக்குவது சன்னலில் நிற்பவனே. முதல் மூன்று சுற்றுகளிலும் அவனுடைய விளையாட்டுப் பொருட்களே வெல்கின்றன. பட்டத்திற்கு ஈடான பொருள் அவ்வறையில் இல்லை, எனவே அதனை அழிக்க வேண்டியதாகிறது. ஒரு பெருநிறுவனத்தின் பணத்தில் எடுத்த படத்தை ராய் கொக்கக் கோலாப் புட்டியுடன் தொடங்கியிருப்பதும் சுவையானது. இதனை வியட்நாம் போரின் உருவகமாகக் கொள்வோரும் உளர். எனினும், அச்செய்தி தெரியாத சிறுவர்களுக்கும் இப்படம் முழுமையாகப் புரியும்.