பரங்கிமலையில் போட்ட கோடு



1987 என்று நினைவு. எட்டாம் வகுப்பில் முக்கோணங்களுக்கான கோ.ப.கோ. விதியை நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன், "இதைப் படிச்சு என்ன சார் பண்ணப் போறோம்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கோபத்தில் பீரியட் முடியும்வரை அவனைப் பெஞ்சு மேல் நிற்க வைத்தேன்.

பதில் பிறகுதான் கிடைத்தது, நூலகத்தில்.

1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து, சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளந்தார். அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்தில் தெரியும் ஓர் இடத்தைப் பார்த்துக் கோணம் எடுத்தார். ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களும் கணக்கிலேயே வந்துவிடும். அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம். அதே கோ.ப.கோ. தான்!

கோணம் அளக்கும் தியோடலைட் கருவி சுமார் அரை டன் எடை. தஞ்சைச் சமவெளியில் மலை ஏது? கோயில் கோபுரங்கள்தான் உயரம். 1808-இல் பெரிய கோயிலில் கருவியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தாமே அதைச் சரிசெய்தார்.

1823-இல் அவர் இறந்த பிறகும் முக்கோணங்கள் வடக்கே நீண்டன. இமயச் சிகரம் ஒன்றை 160 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து பார்த்துக் கோணம் எடுத்தார்கள். வங்காளத்துக் கணித அறிஞர் ராதாநாத் சிக்தார் கணக்குப் போட்டார். 1856-இல் அறிவித்த உயரம் 29,002 அடி. இன்றைய அளவுக்கும் அதற்கும் சுமார் 30 அடிதான் வித்தியாசம். அதுதான் எவரெஸ்ட். டென்சிங்கும் ஹிலாரியும் அதன் உச்சியில் கால் வைத்தது 1953-இல்தான்!

மறு ஆண்டு பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். கரையில் 30 மீட்டர் கயிறு. எதிர்க்கரையில் ஒரு பனைமரம். இரு முனையிலும் பாகைமானி வைத்துக் கோணம் எடுத்து, நோட்டில் அளவுத்திட்டப்படி வரைந்து, மரம் எவ்வளவு தூரம் என்று சொன்னார்கள். கோடையில் ஏரி வற்றியதும் டேப் பிடித்து அளந்தோம். மூன்று மீட்டர்தான் வித்தியாசம். பிள்ளைகள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கேள்வி கேட்டவன் அந்தக் கூட்டத்தில் இல்லை. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போயிருந்தான்.

அவனோடு படித்தவர்களுக்கு அவன் யாரென்று தெரியும். பார்த்தால் சொல்லுங்கள், அது நல்ல கேள்வி என்று. அன்று பெஞ்சு மேல் நின்றிருக்க வேண்டியவன் நான்தான்.