மேடை விளக்கின் கதை

தோட்டத்துத் திருவிழாவில் விடிய விடிய நாடகம் பார்த்தவர்களுக்கு மேடை வெளிச்சத்தின் அருமை தெரியும். அந்த வெளிச்சத்துக்கு உலகம் கொடுத்த விலையை இன்று பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நாடக அரங்குகளில் வாயு விளக்குகள் எரிந்தன. அவை பிராணவாயுவைக் குடித்தன; வெப்பத்தைக் கக்கின; தீயையும் மூட்டின. 1881 டிசம்பர் 8ஆம் நாள் வியன்னாவின் ரிங் அரங்கில் வாயு விளக்கேற்றும்போது பற்றிய தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

அதே ஆண்டு அக்டோபரில் லண்டனில் சவாய் அரங்கு திறக்கப்பட்டது. அங்கே சுமார் 1,200 மின்விளக்குகள். டிசம்பர் 28ஆம் நாள் அதன் உரிமையாளர் ரிச்சர்ட் டாய்லி கார்ட் மேடையேறி, எரியும் விளக்கொன்றை மெல்லிய துணியில் சுற்றி உடைத்துக் காட்டினார். துணி கருகவில்லை. சபையோர் ஆரவாரித்தனர்.

ஆனால் புகை ஒழிந்ததா? இல்லை. அரங்கின் அருகே நீராவி எந்திரங்கள் ஓடித்தான் மின்சாரம் பிறந்தது. அரங்கினுள் இருந்த புகை வெளியே போயிற்று, அவ்வளவுதான்.

பின்னர் வந்த இழை விளக்குகளும் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாகவே வீணாக்கின. இன்று அந்த இடத்தில் எல்.இ.டி. விளக்குகள் வருகின்றன. 2021இல் பிரிட்டிஷ் நாடகத் துறையினர் 'தியேட்டர் கிரீன் புக்' என்னும் வழிகாட்டி நூலை வெளியிட்டனர். காட்சி முடிந்ததும் மேடைப் பொருள்களைக் குப்பையில் எறியாதீர், மீண்டும் பயன்படுத்துவீர் என்பது அதன் முக்கியப் பாடம்.

அம்மாவின் சேலையையே திரையாகக் கட்டி நாடகம் போட்ட நம்மவர்க்கு இது புதிய பாடமா, நேயர்களே?