மதுவும் தாலேட்டும்: ஆண் கருவளத்தில் இரு நஞ்சுகளின் ஊடாட்டம் — திருச்சிராப்பள்ளியை முன்வைத்து

பிவிசி பிளாஸ்டிக்கை வளைந்து கொடுக்கச் செய்யும் தாலேட்டுகள் அதனுடன் வேதிப்பிணைப்புக் கொள்வதில்லை. எண்ணெயோ சூடோ சாராயமோ பட்டால் கசிந்து வெளியேறிவிடும். இவற்றுள் மிகுதியாக ஆராயப்பட்டது டிஇஹெச்பி. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் உயிரித்தொழில்நுட்பத் துறையினர் காவிரியின் நீரிலும் படிவிலும் தாலேட்டுகளை அளந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. முக்கொம்பில் பிரிந்து ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கும் காவிரி, கொள்ளிடத்து மணற்படுகைக் கிணறுகளே நகரின் குடிநீருக்கு ஆதாரம் என்பதால் இந்த ஆய்வு கவனத்துக்குரியது. எனினும் ஆற்றுநீரில் கிடைத்த அளவுகள் லிட்டருக்கு நானோகிராம் கணக்கிலானவை. குடிநீரில் டிஇஹெச்பிக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்துள்ள வழிகாட்டு வரம்பு லிட்டருக்கு 8 மைக்ரோகிராம். ஆகவே பழியை ஆற்றின்மேல் மட்டும் போடுவது பொருந்தாது. உடலுக்குள் போகும் தாலேட்டில் பெரும்பங்கு உணவின் வழியே சேர்கிறது.

குடலில் லைபேஸ் நொதி டிஇஹெச்பியை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி எம்இஹெச்பி. விரையின் செர்டோலி செல்களைத் தாக்குவது இதுவே. மறுபாதி 2-எத்தில்ஹெக்ஸனால் என்னும் ஆல்கஹால். அதைச் சிதைப்பவை ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸும் ஆல்டிஹைட் டிஹைட்ரஜனேஸும். குடித்த மதுவைச் சிதைப்பவையும் இவைதாம். எம்இஹெச்பியும் ஹைட்ராக்சி வடிவம் பெற்றபின் கழிவாகும் வழியில் இந்த நொதிகளிடமே வந்து சேர்கிறது. மது கிராம் கணக்கில் வருகிறது, தாலேட் மைக்ரோகிராம் கணக்கில். நொதிக்கான போட்டியில் எது பின்தள்ளப்படும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இரு நஞ்சுகளும் சேர்ந்தால் கேடு எப்போதும் கூடும் என்று சொல்லிவிட முடியாது. லக்னோவின் தொழில் நச்சியல் ஆய்வு மையத்தினர் 1982இல் வெளியிட்ட சுண்டெலி ஆய்வு இதைக் காட்டுகிறது. டிஇஹெச்பியை ஒருமுறை செலுத்தியபோது மது தந்த உறக்கம் நீண்டது, ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் மந்தப்பட்டது. திரும்பத் திரும்பக் கொடுத்தபோது உறக்கம் குறைந்தது, நொதியின் வேகம் கூடியது. ஊடாட்டத்தின் திசையையே மாற்றும் ஆற்றல் வேளைக்கும் தவணைக்கும் உண்டு. இந்தத் துறையில் ஒற்றைவரி முடிவுகளை நம்ப முடியாமைக்கு இதுவே காரணம்.

விரைக்குள் நிலைமை இன்னும் சிக்கலானது. விந்தணு உருவாக வைட்டமின் ஏ ரெட்டினாலாக இருந்து ரெட்டினலாக மாற வேண்டும். மது அந்த மாற்றத்தைத் தடுக்கிறது என்பது 1974இலேயே காட்டப்பட்டது. டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லேடிக் செல்களை மதுவும் தாலேட்டும் வெவ்வேறு வழிகளில் நலிவிக்கின்றன. இரண்டுமே ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டுகின்றன. அதைத் தாங்கும் குளுட்டதயோனை நாட்பட்ட குடி கரைத்துவிடுகிறது.

எவ்வளவு மது என்ற கேள்விக்கு டென்மார்க்கில் 1,221 இளைஞர்களிடம் நடந்து 2014இல் வெளிவந்த ஆய்வு ஓர் அளவுகோல் தருகிறது. வாரத்துக்கு 5 அலகுக்கு மேல் போனவர்களிடம் விந்தின் தரம் சரியத் தொடங்கியது. 25ஐத் தாண்டியவர்களிடம் சரிவு தெளிவாக இருந்தது. ஓர் அலகு 12 கிராம் மது. டாஸ்மாக் கடையில் வாங்கும் 180 மில்லி குவார்ட்டரில் 42.8 விழுக்காடு சாராயம் என்றால் கணக்கு ஏறத்தாழ 61 கிராம், அதாவது 5 அலகு. வாரம் ஒரு குவார்ட்டர் அந்த ஆய்வின் கீழ்வாசல், ஐந்து குவார்ட்டர் மேல்வாசல். அது ஒரு காலப்புள்ளியில் எடுத்த கணிப்பு என்பதால் காரணத்தை நிறுவாது. உள்ளூர்க் குடிப்பழக்கத்தை எடைபோட மட்டும் உதவும்.

மது தாலேட்டைச் சுமந்தும் வரலாம். 2012 நவம்பரில் சீனாவின் ஜியுகுய் மதுவில் டைபியூட்டைல் தாலேட் வரம்புக்கு மேல் இருந்தது வெளிப்பட்டது. பிரெஞ்சு ஒயின்களிலும் காய்ச்சி வடித்த மதுக்களிலும் தொட்டியின் எபாக்சிப் பூச்சிலிருந்து தாலேட் கசிந்ததை 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பெட் பாட்டிலின் பெயரில் டெரிதாலேட் இருந்தாலும் அது நெகிழ்விப்பான் அன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கவலைப்பட வேண்டியவை மென்மையான பிவிசி குழாய், பிவிசி கையுறை, மறுசுழற்சிப் பிளாஸ்டிக் போன்றவை.

மனித ஆய்வுகளின் பெரிய குறை புள்ளியியலில் இருக்கிறது. தாலேட்டையும் விந்தையும் ஒப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் மதுவைக் குழப்பக் காரணியாகக் கருதிச் சரிசெய்து ஒதுக்கிவிடுகின்றன. சரிசெய்தால் கிடைப்பது சராசரி விளைவு. குடிப்பவரையும் குடிக்காதவரையும் தனித்தனியே பார்த்தால்தான் ஊடாட்டம் தெரியும். இதைவிட ஆழமான சிக்கலும் உண்டு. தாலேட் அளவு சிறுநீரில் வரும் சிதைபொருள்களைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. மது அதே நொதிகளை ஆக்கிரமித்தால் அந்தச் சிதைபொருள்களின் விகிதமே மாறக்கூடும். அப்போது ஒரு சிதைபொருளை மட்டும் அளப்பவர், குடிப்பவரின் உண்மையான தாலேட் சுமையைத் தவறாகக் கணிப்பார்.

திருச்சியில் அளக்கும் ஆய்வகம் இருக்கிறது. குழந்தையின்மைச் சிகிச்சை மையங்களும் இருக்கின்றன. தாலேட் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடும், விந்தணு உருவாகவோ ஏறத்தாழ 74 நாள்கள் ஆகும். எனவே விந்துப் பரிசோதனைக்கு வருபவரிடம் ‘குடிப்பீர்களா’ என்று கேட்டு நிறுத்துவது போதாது. கடைசி மூன்று மாதத்தில் வாரத்துக்கு எத்தனை குவார்ட்டர், கடைசியாகக் குடித்தது எப்போது என்று கேட்டுப் பதிந்து, வெவ்வேறு நாள்களில் எடுத்த சிறுநீர் மாதிரிகளில் பல சிதைபொருள்களைச் சேர்த்து அளக்க வேண்டும்.