கடைசி மனிதன் படங்களும் ‘மிருதன்’ பெற வேண்டிய இடமும்

நோயோ போரோ உலகைத் துடைத்தெடுத்த பிறகு மிஞ்சி நிற்கும் ஒருவனின் கதையைச் சொல்வது ‘கடைசி மனிதன்’ படம். உலகம் ஏன் அழிந்தது என்பதற்கான காரணத்தை அது அறிவியல் புனைவிலிருந்து எடுத்துக்கொள்ளும்; அழிந்த ஊரில் இருட்டிய பின் கதவைத் தட்டுவது யார் என்று காட்டும்போது பேய்ப்படமாகிவிடும். தமிழில் இந்த வகைக்கு மிக அருகில் வருவது சக்தி சௌந்தர் ராஜன் இயக்கத்தில், ஜெயம் ரவியும் லட்சுமி மேனனும் நடித்து 2016 பிப்ரவரியில் வெளியான ‘மிருதன்’. தமிழின் முதல் ஜாம்பி படம் என்று அதற்குப் பெயர் கிடைத்தது. அந்தப் பெயரே அதன் வம்சாவளியை மறைத்தும்விட்டது. ‘மிருதன்’ கடைசி மனிதன் வரிசையில் வைக்கப்பட வேண்டிய படம் என்பதும், அந்த வரிசை 50 ஆண்டுகளாகத் தட்டிக்கழித்த ஒன்றை அரைகுறையாகவேனும் அது செய்துகாட்டியது என்பதும்தான் இங்கே வைக்கப்படும் வாதம்.

வகையின் வேர் நாவலில் இருக்கிறது. ‘பிராங்கன்ஸ்டைன்’ எழுதிய மேரி ஷெல்லி 1826இல் ‘தி லாஸ்ட் மேன்’ என்ற நாவலை வெளியிட்டார். 1817இல் வங்காளத்தில் கிளம்பிய காலரா நாடு நாடாகப் பரவியதை அறிந்திருந்த தலைமுறைக்கு எழுதப்பட்ட கதை அது. கொள்ளைநோய் மனித குலத்தை விழுங்க, 2100ஆம் ஆண்டில் ரோம் நகரில் ஒரே ஒருவன் மிஞ்சுகிறான். அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் மாதிசன் 1954இல் எழுதிய ‘ஐ ஆம் லெஜெண்ட்’தான் இதற்குத் திகில் உருவம் கொடுத்தது. ஒரு கிருமி எல்லோரையும் ரத்தக்காட்டேரிகளாக்கிவிட, தப்பிய நெவில் பகலெல்லாம் அவர்களைத் தேடிக் கொல்கிறான். ரத்தக்காட்டேரிக்குச் சிலுவையும் மந்திரமும் சொல்லிவந்த இடத்தில் நுண்ணோக்கியை வைத்தது மாதிசனின் பெரிய காரியம். அதைவிடப் பெரியது நாவலின் முடிவு. நோயோடு வாழப் பழகியவர்கள் புதிய சமூகமாகத் திரள்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு, தூங்கும்போது வந்து கொன்றுபோகும் நெவில்தான் அரக்கன். தன் சாவுக்கு முன் அவனுக்கே இது புரிந்துவிடுகிறது.

திரைக்கு வந்த மூன்று நேரடித் தழுவல்களும் தடுமாறியது இந்த முடிவில்தான். வின்சென்ட் பிரைஸ் நடித்த 1964ஆம் ஆண்டு ‘தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்’ ரோமில் படமாக்கப்பட்டது. ஷெல்லியின் கடைசி மனிதன் வந்து சேர்ந்த அதே ஊர் என்பது தற்செயல்தான். மூன்றில் நாவலுக்கு நெருக்கமானது அதுவே. ஆனாலும் திரைக்கதையில் கைவைக்கப்பட்டது பிடிக்காமல் மாதிசன் தன் பெயரைப் போட விடவில்லை, புனைபெயரே போடப்பட்டது. 1971இல் சார்ல்டன் ஹெஸ்டன் நடித்த ‘தி ஒமேகா மேன்’ கிருமிப் போரைக் காரணமாக்கி, நாயகனைத் தன் ரத்தத்தால் பிறரைக் காக்கும் தியாகியாக்கியது. 2007இல் வில் ஸ்மித்தின் ‘ஐ ஆம் லெஜெண்ட்’ அந்தத் தியாகத்தைக் கையெறிகுண்டோடு முடித்தது. நோயுற்றவர்களுக்கும் பாசம் உண்டு என்று நாயகன் உணரும் மாற்று முடிவு ஒன்றும் படமாக்கப்பட்டிருந்தது. திரையரங்குக்கு வராமல் பிறகு வட்டில்தான் அது வெளியானது. நாயகன் நல்லவனாகவே சாக வேண்டும் என்ற கணக்கு, ஊரே மாறிவிட்டால் மாறாதவன்தான் விலங்கு என்ற கதைக்கருவைத் தின்றுவிட்டது.

தமிழுக்கு இந்த வகை தாமதமாக வந்ததற்கு அறிவியல் புனைவே இங்கு இல்லை என்று காரணம் சொல்வார்கள். அது சரியல்ல. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து 1952லேயே மாமத யானைகள் வரும் ‘காடு’ படத்தை எடுத்தது. 1963இல் ‘கலை அரசி’யில் எம்.ஜி.ஆர். வேற்றுக்கிரகத்துக்கே போய் வந்தார். கிருமியும் புதிதல்ல: ‘தசாவதார’த்தில் (2008) கொலைக்கிருமியைச் சுனாமியின் உப்புநீர் அழிக்கிறது, ‘ஏழாம் அறிவி’ல் (2011) நாய் வழியாகச் சென்னையில் பரவும் நோய்க்குப் பண்டை மருத்துவம் விடை வைத்திருக்கிறது. இரண்டிலும் ஆபத்து வருகிறது, ஊர் பிழைக்கிறது. ஊரை இழப்பதற்கான துணிவுதான் நம் படங்களில் இல்லாமலிருந்தது. கடல்கோளில் தலைநகரை இழந்த பாண்டியன் வேறிடத்தில் மீண்டும் சங்கத்தைக் கூட்டினான் என்றுதான் இறையனார் களவியலுரை சொல்கிறது; கடலோரத்தில் தனித்து நின்ற ஒருவனைப் பற்றி அதில் பேச்சில்லை.

நிஜக் கொள்ளைநோய்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. பெங்களூருக்கு 1898 ஆகஸ்டில் ரயிலேறி வந்த பிளேக், பேட்டையிலும் கண்டோன்மென்ட்டிலும் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. அதன் விளைவாக நெரிசலிலிருந்து மக்கள் வெளியே குடியமர்த்தப்பட்டார்கள். எலி நுழையாத வீடுகளுக்கும் அகலமான தெருக்களுக்கும் திட்டமிட்டு 1910 வாக்கில் ஃபிரேசர் டவுன் எழுந்தது. அதற்கடுத்து காக்ஸ் டவுன். காலியான நகரம் மேலைக் கற்பனைக்கு ஒரு கதையைக் கொடுத்தது. இங்கே அது புதிய பேட்டைகளைக் கொடுத்தது, கூடவே ஒரு தெய்வத்தையும். பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் உண்டு. கொள்ளைநோய் என்றால் கும்பிட்டுத் தணிக்க வேண்டியவள் என்று பழகிய மண்ணில், அதை ஆய்வுக்கூடத்தில் எதிர்கொள்ளும் தனியன் எளிதில் முளைக்கமாட்டான்.

‘மிருதன்’ இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஊட்டியில் கசிந்த ரசாயனக் கழிவு நாய் வழியாக மனிதர்களுக்கு வருகிறது. போக்குவரத்துக் காவலர் கார்த்திக், தங்கையையும் மருத்துவர்களையும் காப்பாற்றியபடி மலையிறங்கிக் கோயம்புத்தூர் போகிறான். ஊட்டி வீழ்கிறது, கோவையும் வீழ்கிறது. அதைவிட முக்கியம், கடைசியில் கார்த்திக்கையே நோய் தொற்றுகிறது. பெரிய நாயகன் எவரையும் தமிழ்ப் படம் அதுவரை சுடப்படவேண்டிய கூட்டத்தில் ஒருவனாக்கிப் பார்த்ததில்லை. நெவில் தன் சாவுக்கு முன் அறிவால் எட்டிய இடத்துக்குக் கார்த்திக் உடலால் போய்ச் சேர்கிறான். ஹாலிவுட் தழுவல்கள் போகத் தயங்கிய இடம் அது.

அவன் தனியாக இல்லையே, தங்கையும் காதலும் பாட்டும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். தனிமையை அளவுகோலாக்கினால் மூலப்படங்களும் தேறா. 1964இல் ரூத், 1971இல் பிழைத்த சிறுவர் கூட்டம், 2007இல் அன்னாவும் ஒரு சிறுவனும் வந்துவிடுகிறார்கள். தனிமை என்பது அவற்றில் முதல் பாதிச் சமாச்சாரம்தான். ஹாலிவுட் நகல் என்ற இன்னொரு குற்றச்சாட்டுக்கு, இந்த வகையே கைமாறிக் கைமாறி வளர்ந்தது என்பதுதான் பதில். நவீன ஜாம்பியைப் படைத்த ஜார்ஜ் ரொமேரோ, 1968ஆம் ஆண்டுப் படத்துக்கான கருவை மாதிசனிடமிருந்து எடுத்ததாக அவரே ஒப்புக்கொண்டார். உலகமே கொண்டாடிய கொரியப் படம் ‘டிரெய்ன் டு பூசான்’ கூட ‘மிருத’னுக்குச் சில மாதங்கள் கழித்தே திரைக்கு வந்தது. படம் திகிலைத் தக்கவைக்கவில்லை என்ற குறையை மட்டும் மறுக்க முடியாது. காதல் காட்சிகள் வரும்போதெல்லாம் பயம் வடிந்துவிடுகிறது. மாறிய கூட்டத்துக்கு மாதிசன் கொடுத்த மனமோ சமூகமோ இங்கே இல்லை, அவர்கள் சுடுவதற்கான இலக்குகள் மட்டுமே. வாதத்தின் பலவீனமான இடமும் அதுதான்: நாயகன் போய்ச் சேரும் பக்கத்தில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

திறந்துவிட்ட வழியில் பிறகு அதிகம் பேர் நடக்கவில்லை. 2019இல் யோகி பாபு நடித்த ‘ஜாம்பி’ அதை நகைச்சுவையாக்கியது. இந்தியில் 2013லேயே ‘கோ கோவா கான்’ அந்த வேலையைச் செய்திருந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, எந்தத் தயாரிப்பாளரும் வாடகைக்கு எடுக்க முடியாத வெறிச்சோடிய சாலைகளைச் சென்னையும் பெங்களூரும் இலவசமாகக் காட்டின. அந்த அக்டோபரில் ஐந்து தமிழ் இயக்குநர்கள் சேர்ந்து வெளியிட்ட ‘புத்தம் புது காலை’ தொகுப்பின் பெரும்பகுதி கேமராவை வீட்டுக்குள் வைத்தது: முதுமையில் கூடிய காதல், தாயருகே கூடும் பிள்ளைகள், தாத்தாவும் பேத்தியும்.